ஆட்சிக்குழுவில் லேப் அசிஸ்டண்டுக்கு ஒரு நாற்காலி

எங்கள் ஊர் கீழப்பாவூர். பாவூர்சத்திரத்தில் இறங்கி உள்ளே வரவேண்டும். நரசிம்மர் கோயில் இருக்கிற ஊர் என்றால் தென்காசிக்காரர்களுக்குப் புரிந்துவிடும். வெளியூர்க்காரர்களிடம் "குற்றாலம் பக்கம்" என்று சொல்லிவிடுவேன். உடனே முகம் மலர்ந்து "சீசன் எப்படி?" என்று கேட்பார்கள். இந்தப் பதிவும் சீசனில்தான் ஆரம்பிக்கிறது, ஆனால் அருவி எதுவும் வராது. ஏமாந்துவிடாதீர்கள்.

என் மாமா ஒருவர் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் லேப் அசிஸ்டண்ட். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம், அவர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். சில வருஷங்களுக்கு முன் அந்தத் துறைக்கு ஒரு ஸ்பெக்ட்ரோ போட்டோமீட்டர் வந்தது. பல லட்சம் விலை. திறப்பு விழா, ரிப்பன், குரூப் போட்டோ எல்லாம் நடந்தது. மேற்குப் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு அறையில் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே இருந்து சாரல் அடிக்கும்போது அந்த அறையின் சுவர் வியர்க்கும், நோட்டுப் புத்தகம்கூட நமத்துப்போகும். மாமாவுக்கு அது தெரியும், ஏனென்றால் அந்த அறையைத் தினமும் திறந்து பூட்டுகிறவர் அவர். இரண்டாவது சீசன் முடிவதற்குள் உள்ளே இருக்கிற கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது. சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, மாற்றுவதற்கு ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு இன்னும் அனுமதி வரவில்லை. மெஷின் இப்போது துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது.

"வைக்கும்போதே சொல்லிருக்கலாம்லா மாமா?" என்று கேட்டேன்.

"யார்ட்ட மருமவனே சொல்ல? ஹெச்.ஓ.டி.ட்ட சொன்னேன். கமிட்டில முடிவு பண்ணியாச்சுன்னுட்டாவ. கமிட்டில நானா இருக்கேன்?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். கல்லூரி கமிட்டியை விட்டுவிட்டு, இன்னும் மேலே, பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1990-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்து உண்டாக்கியது. பாவூர்சத்திரத்தில் நெல்லை பஸ் ஏறினால் ஆலங்குளம் தாண்டி, நெல்லைக்கு முன்னாலேயே அபிஷேகப்பட்டியில் அதன் வளாகம் வந்துவிடும். அதன் முடிவுகளை எடுக்கிற சபைக்குப் பெயர் ஆட்சிக்குழு, பேச்சுவழக்கில் சிண்டிகேட். அதற்குமேல் ஆட்சிப்பேரவை, அதாவது செனட். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே அச்சுதான். துணைவேந்தர் இருப்பார். அரசுச் செயலாளர்கள், கல்லூரிக் கல்வி இயக்குநர் போன்ற அதிகாரிகள் இருப்பார்கள். ஆசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் இடம் உண்டு, வேந்தர் நியமிக்கிறவர்களுக்கும் உண்டு.

இந்தச் சிண்டிகேட்டில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு என்று ஒரு நாற்காலி கிடையாது.

"அதெப்படி, பதிவாளர் இருக்கிறாரே?" என்று யாராவது கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறார், சிண்டிகேட்டின் செயலாளரே அவர்தான். ஆனால் ஊழியருக்கு மெமோ கொடுக்கிறவரும் அவர்தானே? அவரையே ஊழியர்களின் குரல் என்று சொல்வது, ஹாஸ்டல் வார்டனை மாணவர் பிரதிநிதி என்று சொல்வதுபோல. அனுபவஸ்தர்களுக்குப் புரியும். நாக் கமிட்டிக்காக எல்லாக் கல்லூரியிலும் வைத்திருக்கிறார்களே ஐ.க்யூ.ஏ.சி., அதில்கூட "மூத்த நிர்வாக அலுவலர்கள் சிலர்" என்றுதான் விதி. லேப், ஒர்க்‌ஷாப், கம்ப்யூட்டர் சென்டர் ஆட்களை அங்கேயும் யாரும் நினைக்கவில்லை.

நாம் மாணவர்கள், நமக்கு இதில் என்ன? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் விடைத்தாள் கட்டைப் பிரித்து டம்மி நம்பர் போடுவது யார்? நாமினல் ரோல் சரிபார்ப்பது, ஹால் டிக்கெட் அடிப்பது, அரியர் மார்க்கைப் பழைய ரெகுலேஷனில் தேடி எடுத்துச் சேர்ப்பது, புரொவிஷனல் சர்டிபிகேட் கையெழுத்துக்கு வைப்பது யார்? சிலபஸ் மாறும்போதெல்லாம் பேப்பர் கோடு மாறும். பழைய கோடில் அரியர் வைத்திருக்கிறவனுக்கு எந்தக் கேள்வித்தாள் என்று கடைசி நாளில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர், அந்த மாற்றத்தைத் தீர்மானித்த கூட்டத்தில் இருந்ததில்லை. புதுத் திட்டம் எங்கே இடிக்கும் என்று முதலில் தெரிகிறவர் அவர். கடைசியாகக் கேட்கப்படுகிறவரும் அவரே (கேட்கப்பட்டால்).

இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று தேடியபோது ஒரு பழைய வழக்கு கண்ணில் பட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஒரு பஸ் டிரைவர் வருகிறார்.

டெல்லி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரி மாணவிகளை ஏற்றி வர பஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஸ் ஓட்டுவதில் நஷ்டம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். டிரைவர்களுக்கு வேலை போயிற்று. ராம் நாத் என்ற டிரைவர் சட்டப்படி ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டார். தீர்ப்பாயம் அவர் பக்கம் சொன்னது. பல்கலைக்கழகம் உச்ச நீதிமன்றம் போனது. 1963-ல் தீர்ப்பு: கல்வி ஒரு தொழில் அல்ல, அங்கே நடப்பது ஆசிரியர் - மாணவர் பணி, கீழ்நிலை ஊழியர்களின் பங்கு அதில் மிகச் சிறியது, ஆகவே தொழில் தகராறு சட்டம் பொருந்தாது. டிரைவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பதினைந்து வருஷம் கழித்து 1978 பிப்ரவரியில் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு வந்தது. ஏழு நீதிபதிகள் அமர்வு. முக்கியத் தீர்ப்பை எழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். ராம் நாத் தீர்ப்பை அந்த அமர்வு தூக்கி எறிந்தது. பல்கலைக்கழகமும் அந்தச் சட்டத்தின்படி ஒரு தொழில் நிறுவனமே என்றது. அப்புறம் 1988-ல் இன்னொரு வழக்கில் ஆசிரியர்கள் "தொழிலாளர்" என்ற வரையறைக்குள் வரமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தச் சட்டப்படி ஒரு பல்கலைக்கழகத்தில் தொழிலாளர் யார்? கிளார்க், டிரைவர், லேப் அசிஸ்டண்ட், எலெக்ட்ரீஷியன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அரசியல் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு. 1976-ல் 42-வது திருத்தத்தில் நுழைத்தது. தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர்கள் பங்குபெற அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அந்தத் திருத்தம் நெருக்கடி நிலையின்போது வந்தது, அதில் கெட்டவையே அதிகம் என்பார்கள். இந்த வரி மட்டும் நல்ல வரி. பல்கலைக்கழகம் தொழில் நிறுவனம், கிளார்க் தொழிலாளர், நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு. நான் வக்கீல் இல்லை, வரலாறு மூன்றாம் ஆண்டு. ஆனாலும் மூன்றையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரு நாற்காலி தெரிகிறது. 43-ஏ வெறும் வழிகாட்டு நெறி, அதை வைத்துக் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது என்பதும் தெரியும். 1990-ல், அதாவது நம் பல்கலைக்கழகம் பிறந்த அதே வருஷம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு ஒரு மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவே இல்லை.

எங்குமே இது நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. வங்கிகளில். 1970-ல் வங்கிகளை நாட்டுடைமையாக்கிய சட்டத்திலேயே, ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவிலும் தொழிலாளர் ஒருவரும் அதிகாரிகள் தரப்பில் ஒருவரும் இருக்கவேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கேஷ் கவுண்டரில் பணம் எண்ணுகிறவர், கோடிக்கணக்கான கடனுக்கு ஒப்புதல் தருகிற மேசையில் சமமாக உட்கார்ந்தார். அதனால் எந்த வங்கியும் கவிழ்ந்துவிடவில்லை. கவிழ்த்த கதைகள் வேறு ஆட்களுடையவை. ஆனால் 2014-க்குப் பிறகு அந்த இடங்களை நிரப்பாமல் வருஷக்கணக்கில் காலியாகப் போட்டுவைத்தார்கள். சட்டத்தில் நாற்காலி இருக்கும், ஆள் இருக்கமாட்டார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பல்கலைக்கழகத்திலேயே உதாரணம் வேண்டுமா? ரொம்ப தூரம் போகவேண்டாம். எங்கள் ஊரிலிருந்து தென்காசி, செங்கோட்டை, புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அந்தப் பக்கம் கேரளா. 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கேரளப் பல்கலைக்கழகத்துக்கு 1974-ஆம் வருஷச் சட்டம். அதன் செனட்டுக்கு ஆசிரியரல்லாத ஊழியர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறார்கள். பல்கலைக்கழக ஊழியர்களுக்குத் தனித் தொகுதி, தனியார் கல்லூரி ஊழியர்களுக்குத் தனித் தொகுதி. அங்கேயும் இது செனட்தான், நான் கேட்கிற சிண்டிகேட் இல்லை. ஆனாலும் பட்ஜெட் வரும்போது எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு ஆள் இருக்கிறார். ஒரே மலை, ஒரே மழை. இந்தப் பக்கம் அதுவும் இல்லை.

இப்போது எதிர்வாதம். என் நண்பன் ஒருவன் கேட்டான்: "அட்டெண்டர் வந்து பிஹெச்.டி.க்கு எக்ஸாமினர் போடுவாரால?" நக்கல்தான், ஆனாலும் நியாயமான கேள்வி. இதற்கு ஜெர்மனியில் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். 1960-களின் மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே பேராசிரியர்கள், உதவி ஆசிரியர்கள், மாணவர்கள், இதர ஊழியர்கள் என்று எல்லாக் குழுக்களுக்கும் சபைகளில் இடம் கொடுத்து மாநிலங்கள் சட்டம் போட்டன. கீழ் சாக்சனி மாநிலச் சட்டத்தை எதிர்த்துப் பேராசிரியர்கள் நீதிமன்றம் போனார்கள். 1973 மே மாதம் தீர்ப்பு வந்தது. எல்லாக் குழுக்களும் உட்காரலாம், தப்பில்லை. ஆனால் ஆராய்ச்சி, கற்பித்தல் சம்பந்தமான முடிவுகளில் பேராசிரியர்கள் கைதான் ஓங்கியிருக்க வேண்டும், அந்த விஷயங்களில் கல்விசாரா ஊழியர்களுக்கு மற்றவர்களைப்போல ஓட்டுக் கூடாது. மற்ற விஷயங்களுக்கு அந்தத் தடை இல்லை.

எனக்கு இந்தக் கோடு ரொம்பப் பிடித்திருக்கிறது. பாடத்திட்டம், ஆசிரியர் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம் அவர்களிடமே இருக்கட்டும். கட்டடம், கருவி வாங்குவது, தேர்வு மென்பொருள், சம்பளம், ஓய்வூதிய நிதி, அவுட்சோர்சிங், ஹாஸ்டல், பஸ். நம்முடைய சிண்டிகேட்டுகளின் அஜெண்டாவில் பெரும்பகுதி இந்த மாதிரி விஷயம்தானே? பிரான்சில் 2013 சட்டப்படி 24 முதல் 36 பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் நிர்வாக, தொழில்நுட்ப, நூலக ஊழியர்களுக்கு 4 அல்லது 6 இடம். ஸ்காட்லாந்தில் 2016 சட்டப்படி உதவிப் பணியாளர் சங்கம் ஒருவரை அனுப்பலாம், அது தவிர எல்லா ஊழியர்களும் சேர்ந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். எடின்பரோ பல்கலைக்கழகம் இன்னும் இடிந்து விழவில்லை.

வெளிநாட்டுக் கதை போதும், சிதம்பரத்துக்கு வருவோம். எனக்கு எதிராகவும் பயன்படுத்தக்கூடிய உதாரணம் இது, ஆனாலும் மறைக்கமாட்டேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ஆரம்பித்தது. ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் ஆசிரியர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலே ஆசிரியரல்லாத ஊழியர்கள். 2012 நவம்பரில் சம்பளக் குறைப்பு, ஆட்குறைப்பு என்று பேச்சு வெளியே வந்ததும் போராட்டம் வெடித்தது. பல்கலைக்கழகத்தை மூடினார்கள். 2013 ஏப்ரலில் அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாகப் போட்டது, பின்னாளில் தலைமைச் செயலாளரான சிவ்தாஸ் மீனா. அதே வருஷம் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொண்டது. உபரி என்று கணக்கிட்ட ஆயிரக்கணக்கானவர்களை வேறு அரசு அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருந்தவர்கள் முன்பின் பார்த்திராத ஊர்களுக்குப் பெட்டி கட்டினார்கள்.

அங்கே ஊழியர் பிரதிநிதி ஒருவர் சிண்டிகேட்டில் இருந்திருந்தால் அந்த அளவுக்கு மீறிய நியமனங்களைத் தடுத்திருப்பாரா? நேர்மையாகச் சொன்னால் சந்தேகம்தான். இன்னும் நாலு பேரைச் சேர்க்கக்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் கஜானா காலியாகிறது என்ற தகவல் ஒரு நாள் திடீரென்று போராட்டமாக வெடித்திருக்காது என்று நினைக்கிறேன். பட்ஜெட் பேப்பரை வருஷா வருஷம் பார்க்கிறவர் ஊழியர்களிடம் போய், "இப்படியே போனா சம்பளம் வராதுய்யா" என்று முன்னாலேயே சொல்லியிருப்பார். அவர் சொன்னால் அவர்கள் நம்பியிருக்கவும் கூடும். துணைவேந்தர் சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்றைக்கும் நிலைமை சுகமில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் சம்பளம் தாமதமாகி ஊழியர்களும் ஆசிரியர்களும் வாசலில் உட்கார்ந்தார்கள். 2024 பிப்ரவரியில் வரிப் பாக்கிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. இதற்கு நடுவில் செய்தித்தாளில் நாம் தினமும் படித்தது என்ன? துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரா அரசா என்ற சண்டை. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மே மாதம் உயர் நீதிமன்றத் தடை. முக்கியமான விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைமை நாற்காலி யாருக்கு என்பதைத் தவிர அந்த அறையில் வேறு நாற்காலிகளும் இருக்கின்றன என்பதை யாரும் பேசக் காணோம்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என் கணக்குக்கு இரண்டு இடம். ஒன்று அலுவலகப் பிரிவுக்கு, ஒன்று தொழில்நுட்பப் பிரிவுக்கு. இரண்டையும் ஒன்றாக்கினால் எண்ணிக்கையில் பெரிய அலுவலகப் பிரிவே எப்போதும் ஜெயிக்கும், லேப்பும் நூலகமும் கம்ப்யூட்டர் சென்டரும் திரும்பவும் வெளியே நிற்கும். ரகசிய வாக்கெடுப்பு, மூன்று வருஷம். நியமனம் கூடவே கூடாது, நியமித்தால் யாருக்கு வேண்டியவர் வருவார் என்று உங்களுக்கே தெரியும். இடம் காலியானால் மூன்று மாதத்தில் தேர்தல் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். வங்கி நாற்காலியை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இதைவிடச் சிக்கல் ஒன்று இருக்கிறது: ஓட்டு யாருக்கு? நிரந்தர ஊழியர் ஓய்வுபெறும் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்க, அந்த வேலையைச் செய்பவர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், தினக்கூலியில் இருக்கிறார்கள், ஏஜென்சி மூலம் வந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்களாக இருக்கிறார்கள். உங்கள் மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கை அநேகமாக அவர்களுடையது. "அவர்கள் எங்கள் ஊழியரே இல்லை, கான்ட்ராக்டர் ஊழியர்" என்று நிர்வாகம் சொல்லும். நிரந்தர ஊழியர் சங்கமும் (மன்னிக்கணும், உண்மை) அதையே கொஞ்சம் மென்மையாகச் சொல்லக்கூடும். அவர்களை விட்டுவிட்டு நடத்துகிற தேர்தலில் ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிற ஒரு சூப்பரின்டெண்டெண்ட் ஜெயித்து வருவார், நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவருடைய முதல் கவலை அவருடைய பென்ஷனாக இருக்கும். ஒரு வருஷம் தொடர்ந்து வளாகத்தில் வேலை செய்த யாருக்கும் ஓட்டு என்று வைத்தால் ஒழிய இது உருப்படாது. இந்த இடத்தில்தான் என் யோசனைக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் அடி விழும் என்று எதிர்பார்க்கிறேன்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். டீ டம்ளரைக் கீழே வைக்காமல் முழுசும் கேட்டார். பிறகு, "சிண்டிகேட்டு மீட்டிங் என்னைக்கு நடக்கும்?" என்றார்.

"அது வேலை நாள்லதான் மாமா நடக்கும்."

"அப்ப அன்னைக்கு ஓ.டி. குடுப்பாவளா, இல்ல கேஷுவல் லீவு எடுக்கணுமா? பிராக்டிக்கல் இருந்தா லேப்ப யாரு தொறப்பா?"

ஆன் டியூட்டி, மாற்று ஆள். நான் இதை யோசிக்கவே இல்லை. என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.